மண்வெட்டிக்கு ஆள் தேவை

கரடுமுரடான மண்தடங்களிலும் பாறைத்தடங்களிலும் வண்டி ஓட்டும் எங்கள் ஆஃப்ரோடு கிளப்பில் 58 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். மழைக்காலம் முடிந்து முதல் பயணத்துக்கான அறிவிப்பு வெளியானால், 15 வண்டிகளுக்கான இடமும் அன்று மாலைக்குள் நிரம்பிவிடும்; இடம் கிடைக்காதவர்கள் காத்திருப்புப் பட்டியலில் தங்கள் பெயர் எத்தனையாவது என்று கேட்டு என்னைத் தொலைபேசியில் அழைப்பார்கள். அதே உறுப்பினர்களுக்கு, அதே தடத்தில், ஒரு சனிக்கிழமை பராமரிப்புப் பணி நடக்கப்போவதாக முதன்முறை நான் அறிவித்தபோது வந்து சேர்ந்தவர்கள் என்னையும் செயலாளரையும் சேர்த்து நான்கு பேர். அந்த நான்காமவரும் அன்று பயணம் என்று தவறாகப் புரிந்துகொண்டு, டயர்களில் காற்றைக் குறைத்து, மாட்டிக்கொண்ட வண்டியை இழுத்தெடுக்கும் வின்ச் கம்பியைச் சரிபார்த்துக்கொண்டு உற்சாகமாக வந்திறங்கியவர். கையில் மண்வெட்டியைக் கொடுத்தபோது அவருடைய முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. ஆனால் அவர் திரும்பிப் போய்விடவில்லை என்பதையும், அன்று எங்கள் நால்வரில் அதிகம் வேலை செய்தவர் அவர்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்று மாலையே, உடம்பு வலியும் கோபமுமாக, எல்லா உறுப்பினர்களுக்கும் ஒரு கடிதம் எழுதினேன். ஓட்டித் தேய்ப்பதற்கு 58 பேர், சீர்செய்வதற்கு நான்கு பேரா என்று அதில் கேட்டிருந்தேன். எழுதும்போது மிகவும் நியாயமாகப்பட்ட வாக்கியம் அது. அடுத்த பணிநாளுக்கு வந்தவர்கள் மூன்று பேர். தவறிப்போய் வந்தவரும் இம்முறை வரவில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்குக் கொஞ்சம் புத்தி வந்தது. கடிதம் எழுதுவதை நிறுத்திவிட்டு, நாளுக்கு இரண்டு மூன்று பேர் என்று வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்துப் பேசத் தொடங்கினேன். குறை சொல்ல அழைக்கவில்லை, தெரிந்துகொள்ளவே அழைக்கிறேன் என்பதை அவர்கள் நம்புவதற்கே சில நிமிடங்கள் பிடித்தன. நான் எதிர்பார்த்திருந்த பதில் சோம்பேறித்தனம். அந்தப் பதில் மிகச் சிலரிடமிருந்தே வந்தது. ஒருவர், அறிவிப்பைப் பார்த்ததாகவும் நிறையப் பேர் போவார்கள் என்று நினைத்ததாகவும் சொன்னார். ஊர் கூடித் தேர் இழுக்கும்போது தன் கை ஒன்று குறைந்தால் தேர் நின்றுவிடுமா என்று எல்லோரும் நினைத்ததில் தேர் நிலையிலேயே நின்றது. இன்னொருவர் வாழ்நாளில் மண்வெட்டியைத் தொட்டதில்லை என்றும், தெரியாத வேலையைப் பத்துப் பேர் முன்னால் செய்து கேலிக்கு ஆளாக விரும்பவில்லை என்றும் தயக்கத்தோடு சொன்னார். பெரும் பாறைகளின் மீது நிதானமாக வண்டியேற்றி எங்களையெல்லாம் வாய்பிளக்க வைப்பவர் அவர். முதுகுவலிக்காரர்கள் இருவர். மாலை எத்தனை மணிக்கு விடுவீர்கள் என்று அறிவிப்பில் இல்லையே, பாதியில் கிளம்பினால் தவறாக நினைப்பீர்களே என்றவர்கள் மூவர். தடத்தைச் சீர்செய்கிறோம் என்ற பெயரில் அதை மழமழவென்று ஆக்கிக் கெடுத்துவிடுவீர்கள் என்று அஞ்சியவர்கள் நான் நினைத்ததைவிட அதிகம். அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தவறிப்போய் வந்த நண்பரையும் அழைத்தேன். அவர் சற்றுநேரம் பேசாமலிருந்துவிட்டு, “நான் வந்தவன். அந்தக் கடிதம் எனக்கும்தானே வந்தது?” என்று கேட்டார். அதற்கு என்னிடம் மன்னிப்பைத் தவிர வேறு பதில் இல்லை. வராதவர்களைத் திட்டும் கடிதத்தை ஊன்றிப் படிப்பவர்கள் வந்தவர்கள் மட்டுமே என்பதை இப்படியா நான் கற்றுக்கொண்டிருக்க வேண்டும்!

எல்லாவற்றிலும் கனமான பதில் எங்கள் கிளப்பின் மூத்த உறுப்பினரிடமிருந்து வந்தது. வாழ்நாள் முழுவதும் சாலைப் பணியில் இருந்து ஓய்வுபெற்றவர் அவர். “தம்பி, உள்ளே நுழைய ஒவ்வொரு முறையும் கட்டணம் கட்டுகிறேன். வரியும் கட்டுகிறேன். அந்தப் பணத்தில் ஆள் வைத்து வேலை பார்ப்பது நிலத்தை வைத்திருப்பவர்களின் பொறுப்பு. நாம் இலவசமாகச் செய்து கொடுத்தால் அவர்கள் அந்தப் பொறுப்பிலிருந்து நழுவிவிடுவார்கள்” என்றார். இது சாக்குப்போக்கு அன்று. யோசித்துச் சொன்ன வாதம். பொதுநலம், நன்றிக்கடன் என்றெல்லாம் பேசி இந்த வாதத்தை வெல்ல முடியாது என்று அப்போதே தோன்றியது. அவருக்கான பதில், அந்த முதல் பணிநாளன்று மூன்றாவது வளைவில் நான் பார்த்த ஒரு காட்சியில் இருந்தது. அதை எப்படிச் சொல்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

தடத்தைக் கெடுப்பது வண்டி என்றுதான் வெளியாட்கள் நினைக்கிறார்கள், நம்மில் பலரும் அப்படியே நினைக்கிறோம். வண்டி தொடங்கிவைப்பது உண்மை. ஏறத்தாழ இரண்டு டன் எடையுள்ள ஒரு வண்டி ஈரமண்ணின் மீது ஏறும்போது மண்துகள்களுக்கு இடையே இருந்த இடைவெளிகள் நசுங்கி மண் இறுகிவிடுகிறது. இறுகிய மண் நீரை உறிஞ்சுவது குறைவு. சக்கரங்கள் பதித்த இரண்டு பள்ளங்களும் சரிவின் போக்கிலேயே நீள்வதால், அடுத்த மழைக்கு அவை வெட்டிவைத்த இரண்டு வாய்க்கால்களாகப் பயன்படுகின்றன. தடத்தைக் குறுக்காகக் கடந்து புல்லுக்குள் அமைதியாக இறங்கியிருக்க வேண்டிய நீர், இந்தப் பள்ளங்களில் சேர்ந்து, சரிவு முழுவதும் தடத்தின் மீதே ஓடி வேகமெடுக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் அதே அளவு நீரின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகிறது. ஆகவே முதலில் வண்டலை மட்டும் அரித்த நீர், சற்றுத் தூரம் போனதும் சரளையை உருட்டுகிறது, அதற்கும் கீழே முஷ்டியளவு கற்களைப் பெயர்க்கிறது. நாம் ஒரு வண்டியும் ஓட்டாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் இரவில் நடக்கும் சேதம் இது. பள்ளம் ஆழமானதும் அடுத்து வரும் ஓட்டுநர் அதைத் தவிர்ப்பதற்காக ஓரத்துப் புல்லின் மீது ஏற்றுகிறார். அங்கும் மண் இறுகிப் பள்ளம் விழுகிறது. அதற்கடுத்து வருபவர் இன்னும் ஓரமாக ஒதுங்குகிறார். ஒரு வண்டி போகும் அகலமே இருந்த தடம் இரண்டு மூன்று பருவங்களில் சடைபோல மூன்றாகப் பிரிந்து கிடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இதற்கான மருந்து எளிமையானது, பழையது. தண்ணீரைத் தடத்தின் மீது நெடுந்தூரம் ஓடவிடாமல், அடிக்கடி, சிறிது சிறிதாக, வேகமெடுக்கும் முன்பே வெளியேற்றிவிட வேண்டும். தடத்தின் பரப்பைப் பள்ளத்தாக்குப் பக்கமாகச் சற்றே சாய்த்து, ஒரு மீட்டர் அகலத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் என்ற கணக்கில் அமைப்பது ஒரு வழி. சரிவில் இடையிடையே நீளமான, மென்மையான ஒரு தாழ்வையும் அதையொட்டி ஒரு மேட்டையும் அமைத்து நீரை ஓரத்துக்குத் திருப்புவது இன்னொரு வழி; வண்டி அதன் மீது அலைபோல ஏறி இறங்கிவிடும், நீரால் மட்டும் ஏற முடியாது. புதிதாகத் தடம் அமைப்பவர்கள், தடத்தின் சரிவு அது செல்லும் மலைச்சரிவின் பாதியைத் தாண்டக் கூடாது என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள். தாண்டினால் நீர் குறுக்கே கடப்பதற்குப் பதில் தடத்தையே தன் வழியாகப் பிடித்துக்கொள்ளும். நமக்குக் கிடைத்திருப்பவை பெரும்பாலும் யாரோ எப்போதோ மரம் இழுக்கவோ சுரங்கத்துக்குப் போகவோ போட்ட பழைய வண்டிப்பாதைகள் என்பதால், அந்த விதியைக் காப்பாற்றும் வாய்ப்பு நமக்கு வாய்ப்பதில்லை. நமக்கு மிஞ்சுவது மடைவாய்களைத் திறந்துவைக்கும் வேலைதான்.

அந்த மூன்றாவது வளைவில் நீர் வெளியேறுவதற்கு என்றோ அமைத்த வாய் ஒன்று இருந்தது. இருந்தது என்பதே எங்களுக்குத் தெரியாது; இலைச்சருகும் வண்டலும் சேர்ந்து அடைத்து, அதன் மீது புல்லும் முளைத்து, தடத்தின் வெளியோரம் முழுவதும் ஒரு சாண் உயர வரப்பாக மாறியிருந்தது. நானும் தவறிப்போய் வந்த அந்த நண்பரும் வரப்பை உடைத்து, இரண்டு ஆள் கைவிரித்த அகலத்துக்கு வாய் திறந்து, வெட்டிய மண்ணை மறுபடியும் வாயிலேயே குவித்துவிடாமல் கீழ்ச்சரிவில் பரப்பினோம். வேலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க, வண்டியிலிருந்த 20 லிட்டர் தண்ணீர்க் கேனைத் தூக்கிவந்து மேலே ஊற்றினேன். நீர் இறங்கி வந்து, வாய்க்கு முன்னால் தயங்கி, பாதி வெளியே திரும்பியது. மீதிப்பாதி கயிறுபோல மெலிந்து சக்கரப்பள்ளத்துக்கே திரும்பிப் போயிற்று. நண்பர் மண்டியிட்டு, வாயின் உதட்டில் நின்றிருந்த இரண்டு விரல் உயர மண்ணை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துத் தாழ்த்தினார். அந்தக் கயிறு ஒருமுறை நெளிந்து, தானும் வெளியே திரும்பிக்கொண்டது. அவர் என்னிடமிருந்து கேனை வாங்கினார். குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். மேலே போய் மறுபடியும் ஊற்றிப் பார்த்தார். முழு நீரும் வளைவைத் தாண்டாமல் புல்லுக்குள் இறங்கிச் சத்தமில்லாமல் மறைந்தது. இரண்டு விரல் மண். அதற்காக ஒரு மலைச்சரிவே அரித்துக்கொண்டிருந்திருக்கிறது.

மூத்தவரின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. நிலத்தை நிர்வகிப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை, வசதியிருந்தால், இயந்திரம் கொண்டுவந்து சமன்செய்வார்கள். அதற்குக் கட்டணமும் வரியும் போகட்டும், போக வேண்டியதுதான். அதைக் கேட்டு வாங்குவதும் நம் உரிமைதான். ஆனால் ஒரு மடைவாய்க்குத் தேவைப்படுவது ஒவ்வொரு பெருமழைக்கும் பிறகு அரைமணி நேரக் கவனம். அது எந்த வளைவில் அடைக்கிறது என்பது அங்கே அடிக்கடி போகிறவனுக்குத்தான் தெரியும், அப்படிப் போகிறவர்கள் நாம். கைக்கு மீறிச் சேதம் பெருகிவிட்டால் நிர்வாகத்தின் கையில் இருக்கும் ஆகக் குறைந்த செலவுள்ள கருவி, நுழைவாயிலில் ஒரு சங்கிலியும் பூட்டும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. அமெரிக்காவில் பொது நிலங்களில் ஆஃப்ரோடு வண்டிகளைக் கட்டுப்படுத்தும் ஆணை 1972-இலேயே அதிபர் நிக்சனால் பிறப்பிக்கப்பட்டது. மண், நீர்ப்பிடிப்பு, தாவரங்கள் ஆகியவற்றுக்கு நேரும் சேதத்தைக் குறைக்கும்படி வண்டிகளுக்கான இடங்களை வரையறுக்க வேண்டும் என்றது அது. 1977-இல் அதிபர் கார்ட்டர் அதைத் திருத்தி, கணிசமான சேதம் தெரிந்தால் அந்த இடத்தை உடனடியாக மூடும் அதிகாரத்தை நிர்வாகங்களுக்குக் கொடுத்தார். இங்கிலாந்தில் 2006-இல் வந்த ஒரு சட்டம், பழைய மண்பாதைகள் பலவற்றில் மோட்டார் வண்டிகளுக்கு இருந்த உரிமையை ஒரே நாளில் இல்லாமலாக்கியது. எந்த நாட்டிலும் கதை ஏறத்தாழ இந்தப் போக்கில்தான் போகும்.

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில் இருக்கும் ரூபிகான் தடத்தின் கதையை எங்கள் கூட்டங்களில் நான் அடிக்கடி சொல்வதுண்டு. ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாறைத்தடத்தில் 1953-இலிருந்து ஜீப்புகளின் கூட்டுப்பயணம் நடந்துவருகிறது. ஜீப் நிறுவனம் தன் வண்டி ஒன்றுக்கு அந்தப் பெயரையே வைத்திருக்கிறது. அவ்வளவு புகழ்பெற்ற தடத்துக்கும் மூடப்படும் ஆபத்து வந்தது. 2001-இல் பல கிளப்புகளைச் சேர்ந்த தன்னார்வலர்கள் ஒரே அமைப்பாகச் சேர்ந்து சீரமைப்பில் இறங்கினார்கள். 2009-இல் அந்த வட்டாரத்தின் நீர்த்தர வாரியம், தடத்திலிருந்து வண்டலும் வண்டிகளின் எண்ணெயும் மனிதக் கழிவும் நீர்நிலைகளில் சேர்கின்றன என்று குறிப்பிட்டு, அவற்றைச் சுத்தம்செய்து தடுக்கும்படி உள்ளூர் நிர்வாகத்துக்கும் வனத்துறைக்கும் உத்தரவிட்டது. குற்றப்பட்டியலில் முதலில் நிற்பது வண்டல் என்பதைக் கவனியுங்கள். வேகமாக ஓட்டியதோ சத்தம் போட்டதோ அங்கே பிரச்சினையாகவில்லை. அந்தத் தடம் இன்றும் திறந்திருக்கிறது. அதற்குப் பின்னால் தன்னார்வலர்கள் வெட்டிய வடிகால்களும் சுமந்த கற்களும் இருக்கின்றன.

அதே நாட்டில் இன்னொரு ஏற்பாட்டையும் நான் வியந்து பார்த்திருக்கிறேன். ஆஃப்ரோடு வண்டிகள் எரிக்கும் எரிபொருளின் மீதான வரியில் ஒரு பகுதியைத் தடங்களுக்கே திருப்பித் தரும் மத்திய அரசுத் திட்டம் ஒன்று 1991-இல் அங்கே தொடங்கப்பட்டது. அதில் மானியம் பெறுபவர்கள் தங்கள் பங்காக ஒரு தொகையைக் காட்ட வேண்டும். தன்னார்வலர்கள் உழைத்த மணிநேரங்களைப் பணமதிப்பாகக் கணக்கிட்டு அந்தப் பங்கில் சேர்த்துக்கொள்ளலாம். இதைப் படித்த பிறகுதான் வருகைத்தாளின் அருமை எனக்குப் புரிந்தது. அப்படியொரு திட்டம் இல்லாத இடத்திலும், யார், எந்த நாளில், எத்தனை மணிநேரம், எந்த வளைவில் வேலை செய்தார்கள் என்று கையெழுத்தோடு இருக்கும் ஒரு கோப்பை, தடத்தை மூடலாமா என்று பேசும் கூட்டத்தில் மேசை மீது வைத்துப் பாருங்கள். நாம் இலவசமாகச் செய்தால் அவர்கள் நழுவிவிடுவார்கள் என்ற மூத்தவரின் அச்சத்துக்கும் அந்தக் கோப்புதான் பதில்: இவ்வளவு நாங்கள் செய்திருக்கிறோம், உங்கள் பங்கு எங்கே என்று கேட்பதற்கு அதைவிடப் பலமான துணை கிடையாது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஆட்களை அழைத்துவருவது தனி வித்தை. எல்லோரும் வாருங்கள் என்ற அழைப்பு யாருடைய காதிலும் விழுவதில்லை என்பதை முதல் ஆண்டிலேயே பார்த்துவிட்டேன். அதனால் அறிவிப்பை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டு, ஒரு பணிநாளுக்கு முன்னால் நானும் செயலாளரும் தடத்தை நடந்து பார்த்து வேலைகளைப் பிரித்தோம். பிறகு ஒவ்வொரு வேலைக்கும் ஒரு முகத்தை நினைத்தோம். விழுந்து கிடக்கும் மரத்தை இழுக்க வின்ச் வேண்டும்; புது வின்ச் வாங்கி அதை எங்கே பயன்படுத்துவது என்று ஏங்கிக்கொண்டிருப்பவர் ஒருவர் இருக்கிறார். சரிசெய்யும் முன்பும் பின்பும் ஒரே கோணத்தில் படமெடுக்க வேண்டும்; எல்லாப் பயணத்திலும் கேமராவோடு அலைபவர் இருக்கிறார். முதுகுவலிக்காரர் வருகைத்தாளையும் முதலுதவிப் பெட்டியையும் பார்த்துக்கொள்வார். சரிசெய்ய வேண்டிய இடங்களில் சிறு கொடி நட்டுப்போவதற்கு உறுப்பினர்களின் பிள்ளைகளைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. மண்வெட்டி பிடிக்கத் தெரியாதவரை, வெட்டுவதில் கைதேர்ந்த ஒருவரோடு, மற்றவர்கள் கண்ணில் படாத ஒரு வளைவில் ஜோடி சேர்த்துவிட்டேன். பத்து நிமிடத்தில் கற்றுக்கொண்டார். வேலை முடிவதற்குள் என்னுடைய வெட்டில் குற்றம் சொல்லும் அளவுக்குத் தேறியிருந்தார்.

கேட்கும் விதமும் மாறியது. என்றைக்காவது வரப் பாருங்கள் என்று சொன்னால், பார்க்கிறேன் என்ற பதில் வரும், ஆள் வரமாட்டார். வரும் சனிக்கிழமை காலை ஏழு மணியிலிருந்து பதினொன்று வரை, ஐந்தாவது வளைவில் கல் அடுக்க இரண்டு பேர் தேவை, அதில் ஒருவராக நீங்கள் வர முடியுமா என்று கேட்டால், முடியும் அல்லது முடியாது என்ற இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல முடியும். முடியாது என்பவரிடம் ஏன் என்று நான் கேட்பதில்லை. பதினொன்று என்று சொன்னால் பதினொரு மணிக்கு வேலையை நிறுத்திவிடுவதில் மட்டும் மிகக் கண்டிப்பாக இருக்கிறேன். பாதி வெட்டிய மடைவாயை விட்டுவரக் கை வராது என்பது உண்மைதான், ஆனால் ஒருமுறை இரண்டு மணிவரை இழுத்தடித்தால் அந்த மனிதரின் வீட்டில் அடுத்தமுறை அனுமதி கிடைக்காது.

சிலர் கேட்பதுபோல இதைக் கட்டாயமாக்கலாமா? நாங்களும் முயன்று பார்த்தோம். ஒரு மணிநேர உழைப்புக்கு இத்தனை புள்ளி, அதிகப் புள்ளி எடுத்தவர்களுக்குப் பயணத்தில் முதலிடம் என்று ஓர் ஆண்டு நடத்தினோம். ஆட்கள் வந்தார்கள், உண்மை. கூடவே, நான் வந்த நேரத்தைக் குறைத்து எழுதிவிட்டீர்கள் என்ற சண்டையும், பெயரைப் பதிந்துவிட்டு வண்டியில் அமர்ந்திருக்கும் பழக்கமும் வந்தன. செயலாளர் கணக்குப்பிள்ளையாகிப் போனார். அடுத்த ஆண்டு அதைக் கைவிட்டோம். ஒரே ஒரு விதியை மட்டும் வைத்துக்கொண்டோம்: பயணத்தை முன்னின்று நடத்த விரும்புகிறவர், அந்த ஆண்டில் ஒரு பணிநாளுக்காவது வந்திருக்க வேண்டும். தடத்தின் குணம் தெரியாதவர் பின்னால் 15 வண்டிகளை அனுப்ப முடியாது என்பதால் இதில் யாருக்கும் மனத்தாங்கல் ஏற்படவில்லை.

மழமழவென்று ஆக்கிவிடுவீர்கள் என்று அஞ்சியவர்களுக்கு வருகிறேன். அவர்கள் அஞ்சியதில் நியாயம் இருந்தது. எங்கள் மூன்றாவது பணிநாளில், ஆர்வமிகுதியில் ஓர் உறுப்பினர், எல்லோரும் சிரமப்பட்டு ஏறும் ஒரு பாறைப்படியின் முன்னால் கற்களை அடுக்கி அழகான சரிவுப்பாதை அமைத்துவிட்டார். நல்லெண்ணம்தான். அந்தப் படிக்காகவே தொலைவிலிருந்து வருகிறவர்கள் இருந்தார்கள்; அன்று மாலை எனக்கு வந்த அழைப்புகளில் பாதி துக்கம் விசாரிக்கும் தொனியில் இருந்தன. நிலத்தை நிர்வகிப்பவர்களும், தங்களிடம் கேட்காமல் இதை ஏன் செய்தீர்கள் என்று கேட்டார்கள். அடுத்த வாரம் போய் எல்லாக் கற்களையும் எடுத்த இடத்திலேயே வைத்தோம். அன்றிலிருந்து, எழுத்தில் அனுமதி கிடைத்த வேலையைத் தவிர ஒரு கல்லையும் நகர்த்துவதில்லை. கடினமான இடம் வேறு, கெட்டுப்போன இடம் வேறு. அடிப்பாறையின் மீது இருக்கும் தடை எத்தனை வண்டி ஏறினாலும் அப்படியே இருக்கும். அதைத் தொட வேண்டிய தேவையே இல்லை. பார்க்க எளிதாக இருக்கும் சேற்றுக்குழிதான் ஒவ்வொரு வண்டிக்கும் கொஞ்சம் அகலமாகி, கடைசியில் பூட்டைக் கொண்டுவருவது. இந்த வேறுபாட்டைத் தடத்திலேயே நிற்கவைத்துக் காட்டிய பிறகு, அஞ்சியவர்களில் மூவர் எங்கள் நிரந்தர ஆட்களாகிவிட்டார்கள். பாறைப்படிக்குக் காவலாக வருகிறார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

பள்ளத்தில் மண்ணைக் கொட்டி நிரப்புவது எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. நாங்களும் செய்தோம், ஒரே மழையில் மொத்தமும் ஓடையில் இருந்தது. மேலேயிருந்து வரும் நீரைத் திருப்பாமல் பள்ளத்தை நிரப்புவது வீண்வேலை.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மண்வெட்டி, கடப்பாரை, கைரம்பம், கெட்டிக் கையுறை, கணுக்காலை மூடும் காலணி, குடிநீர். வசதியுள்ள கிளப்புகள் புலாஸ்கி என்ற கருவியை வைத்திருக்கும். ஒரு பக்கம் கோடரியும் மறுபக்கம் களைக்கொத்தும் கொண்டது. 1910-இல் அமெரிக்காவின் வடமேற்கில் மூண்ட பெருங்காட்டுத்தீயில் தன்னோடிருந்த ஆட்களை ஒரு சுரங்கத்துக்குள் கொண்டுபோய்ப் பெரும்பாலோரைக் காப்பாற்றிய வனக்காவலர் எட் புலாஸ்கியின் பெயர் அதற்கு. கருவியைவிட இடைவெளி முக்கியம்: ஓங்கி வெட்டுகிறவர்களுக்கு இடையே குறைந்தது மூன்று மீட்டர் இருக்க வேண்டும், கடந்துபோகிறவர் குரல் கொடுத்துவிட்டு, வெட்டுகிறவர் கையை நிறுத்தியதைப் பார்த்த பிறகே கடக்க வேண்டும். இயந்திர ரம்பத்தைப் பயிற்சி பெற்றவரைத் தவிர யாரும் தொடக் கூடாது. மண் லேசாக ஈரமாக இருக்கும் நாளில் பணியை வைத்துக்கொண்டால் வெட்டவும் எளிது, மிதித்து இறுக்கவும் நன்றாகப் பிடிக்கும். வண்டி ஓட்ட உகந்த காய்ந்த நாள் அதற்கு உதவாது. பயணநாளும் பணிநாளும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாமல் இருப்பதற்கு இதுவும் வசதியாகப் போயிற்று.

வேலை முடிந்த அன்று சொல்லும் நன்றியைவிட, அடுத்த பெருமழைக்குப் பிறகு அனுப்பும் ஒரு படத்துக்கு அதிக பலன் இருக்கிறது. நீங்கள் வெட்டிய வாய் வழியாகத்தான் நேற்று இரவு தண்ணீர் வெளியே போயிருக்கிறது, கீழே சக்கரப்பள்ளம் காய்ந்து கிடக்கிறது என்று இரண்டு வரி எழுதி, வெட்டியவருக்கு மட்டும் அனுப்புவேன். அப்படிப் படம் பெற்ற ஒருவரும் அடுத்த பணிநாளுக்கு வராமல் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

மூத்தவரை மண்வெட்டி பிடிக்க நான் அழைக்கவில்லை. “ஐயா, மூன்றாவது வளைவுக்கு மேலே இன்னொரு வாய் திறக்க வேண்டும். எங்கே திறப்பது என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. ஒரு மணிநேரம் வந்து இடத்தை மட்டும் காட்டிவிட்டுப் போக முடியுமா?” என்று கேட்டேன். உண்மையிலேயே எங்களுக்குப் பிடிபடவில்லை. “கட்டணம் வாங்குகிறவர்களை விட்டுவிட்டு என்னைக் கேட்கிறாயா?” என்று சிரித்தார். ஆனால் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு நீளப் பலகையும் ரசமட்டமுமாக வந்து நின்றார். பலகையைத் தடத்தின் குறுக்கே வைத்து, குமிழி எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று பார்த்து, நாங்கள் கொடி நட்டிருந்த இடத்துக்கு எட்டு அடி மேலே காலால் ஒரு கோடு கிழித்தார். “நீங்கள் சொன்ன இடத்தில் வெட்டியிருந்தால் தண்ணீர் உங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போயிருக்கும்” என்றார். ஒரு மணிநேரம் கழித்துக் கிளம்பவில்லை. பதினொரு மணிக்கு வேலையை நிறுத்தச் சொன்னபோது என்னோடு வாதாடியவரும் அவர்தான். கட்டணத்தைப் பற்றிய தன் கருத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. நிர்வாகத்துக்கு மாதம் ஒரு கடிதம் எழுதுகிறார், எங்கள் வருகைத்தாளின் நகலை இணைத்து.

சென்ற பருவத்தின் கடைசிப் பயணத்தில் அவர் முன்வண்டியில் இருந்தார், நான் கடைசி வண்டியில். இடையே ஏழு வண்டிகள். பாதி வழியில், எதிர்பாராமல் தூறல் பிடித்துக்கொண்டது. சரிவு வழுக்கும் முன்பு இறங்கிவிடலாம் என்று எல்லோரும் அவசரப்பட்ட நேரத்தில் வரிசை நின்றுவிட்டது. வாக்கிடாக்கியில் ஆளாளுக்குக் கேட்டார்கள்: வண்டி மாட்டிக்கொண்டதா, டயர் போயிற்றா, வின்ச் வேண்டுமா? பதில் வரவில்லை. நான் இறங்கி வளைவின் விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தேன். கீழே, மூன்றாவது வளைவுக்கு மேலே, மழையில் நனைந்தபடி ஒரு மனிதர் குனிந்து நின்று, மடைவாயில் அடைத்திருந்த சருகைக் குதிகாலால் தள்ளிக்கொண்டிருந்தார். இரண்டு முறை தள்ளினார், குனிந்து பார்த்தார், கையால் ஏதோ அழுத்தினார். பிறகு மெதுவாக நடந்து வண்டிக்குள் ஏறினார். வாக்கிடாக்கி கரகரத்தது.

“ஒன்றுமில்லை. மடை அடைத்திருந்தது. போகலாம்.”